விசில்

மார்த்தாண்டம் ஃபைனலில்
பெனால்டியை ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினேன்.
அன்றிலிருந்து விசில் கேட்டால்
முழங்கால் கழன்றுவிடும்.

எங்கள் கோலி ஷைபின்,
சைக்காலஜி இரண்டாம் வருஷம்,
தூத்தூர் மணலில் என்னைச் சும்மா உட்காரவைத்தான்.
ஊதினான்.
சுடச்சுட ஒரு பழம்பொரி தந்தான்.
‘பாடத்தில் நாய்க்குச் செய்ததுதான்’ என்றான்.

மறுநாளும் ஊதல், பழம்பொரி.
மூன்றாம் வாரம்தான் பந்து வந்தது.
பிறகு பழம்பொரி
சில நாள் வரும், சில நாள் வராது;
எந்த நாளென்று சொல்லமாட்டான் பாவி.

வள்ளவிளையோடு ஆட்டம்.
கடைசி நிமிஷம்.
நடுவர் ஊதினார்.
நாக்கில் எச்சில்.
மிச்சத்தைக் கால் பார்த்துக்கொண்டது.

இப்போது ஒரே தொந்தரவு:
களியக்காவிளை பஸ்ஸில்
கண்டக்டர் ஊதும்போதெல்லாம் பசிக்கிறது.
முன்சீட்டின் முதுகில்
கோல் விழுகிறது.