ஓசூரில் ஒருவர்

கம்மனஹள்ளியில், முட்டைக்கடைக்கு மேலே
என் ஒலிப்பதிவு அறை.
அறை என்பது சற்று மிகை:
கதவுக்கு ஒரு மெத்தை, சன்னலுக்கு ஒரு மெத்தை,
நடுவில் மூச்சுமுட்ட ஒரு மைக்.

ஜோவிலினுக்குப் பகலில் கால் சென்டரில்
எங்கள் பிள்ளைகளின் நாக்கைச் சீவிவிடும் வேலை.
ஆறு மணிக்கு மேல் அவள் நாக்கு அவளுடையது.
இலோயிலோ சந்தையில் அவள் அம்மா
மீனுக்கு விலை பேசும் மொழியில் பாடுவாள்.
எனக்கு ஒரே ஒரு சொல் தெரியும்: பலங்கா.
கண்ணே என்பது போல என்றாள்,
இன்னும் கொஞ்சம் கனமாக.

ஐந்து பாட்டுக்குப் பேசிய பணத்தை
ஒன்பது தவணையில் தந்தாள்.
கடைசித் தவணை ஒரு பெட்டி உலர்ந்த மாம்பழம்.

முதல் பாட்டில் முட்டைக்காரர்
ஷட்டரை இழுத்த சத்தம் விழுந்துவிட்டது.
எடுத்துவிடவா என்றேன்.
இருக்கட்டும், நமக்குத்தான் டிரம்ஸ் இல்லையே என்றாள்.

கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார்.
குரல் தேன் என்றார்,
மொழியை மட்டும் மாற்றச் சொன்னார்.
அவர் செருப்புச் சத்தம் படியிறங்கி முடியும்வரை
கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.
ஏற்கெனவே சேர்ந்திருந்த சுருதி.

பாட்டு வெளியாகி மூன்றாம் மாதம்
போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
கேட்டவர்கள் எந்த ஊர் என்று காட்டும் வரைபடம்.
மணிலாவில் பத்தொன்பது பேர், துபாயில் நான்கு.
ஓசூரில் ஒருவர்,
இருநூற்றுப் பன்னிரண்டு தடவை.
"எங்கே இருக்கிறது இந்த ஊர்? யார் இவர்?"

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அத்திபெலே சுங்கச்சாவடி தாண்டும்
இரவு பதினொன்றரை பஸ்ஸில், கடைசி இருக்கையில்,
மிக்ஸிங் சரியா என்று பார்க்கத்தான்
முதல் தடவை போட்டேன்.
இரண்டாம் தடவையும் அதற்குத்தான்.
மீதி இருநூற்றுப் பத்துக்கு
என்னிடம் பதில் இல்லை.

"ரோஜா பயிரிடும் ஊர்" என்றேன். "பக்கம்தான்."

அடுத்த வாரம் புதுப்பாட்டோடு வந்தாள்.
புரியாத சொற்களின் நடுவே
ஓசூர் என்று வந்தது,
ஓவை நீட்டி, சூரை மெல்லக் கைவிட்டு.
சில்க் போர்டில் கண்டக்டர்கள்
தொண்டை கிழியக் கத்துகிற அதே ஊர்.
என் விரல் பட்டு அந்த இடத்தில்
ஒலி ஒரு பிடி ஏறியிருக்கிறது.
திருத்தவில்லை.

சொல்லியிருக்கலாம்.
ஆனால் மாம்பழம் வாங்கித் தின்றவன்
எப்படி முகம் தெரியாதவன் ஆவான்?
அவளுக்கு வேண்டியிருந்தது முகம் தெரியாத ஒருவர்.

இப்போது செபுவில் ஒரு கடற்கரை விடுதியில்
வாரம் நான்கு நாள் பாடுகிறாள்.
பிறர் பாட்டு மூன்று பாடினால்
தன் பாட்டு ஒன்றுக்கு அனுமதி.
நேற்று மறுபடி வரைபடம் அனுப்பியிருந்தாள்.
ஓசூரில் மூன்று பேர்.

பதினொன்றரை பஸ்ஸில்
காதில் வயர் தொங்கும் தலைகளை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.