நாடி பார்ப்பதுபோல

லோட்டாவில் ஜூலை மழை
மேலிருந்து விழாது. கடலிலிருந்து பக்கவாட்டில் வரும்.
நூற்றுப் பதினெட்டுப் படிகள்.
தோளில் மருந்துப் பை, கையில் சின்ன சிலிண்டர்.
எண்பதாவது படியில் எப்போதும் ஒரு நாய் படுத்திருக்கும்.
அதைத் தாண்டுகிற சாக்கில்
நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன்.

எலெயுத்தேரியோ சாயெஸ்.
கடலுக்கடியில் முப்பத்தொரு வருஷம் கரி வெட்டியவர்.
சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.
அவர் நெஞ்சுக்குள் அது இன்னும் ஷிஃப்ட் மாறாமல் ஓடுகிறது.

பதினைந்து மீட்டர் குழாய்.
சமையலறை வரை வரும், கழிப்பறை வரை வரும்,
வாசல் தாண்டி முற்றத்தில் கொஞ்சம் வரும்.
கோழிக்கூட்டுக்கு இரண்டு அடி போதாது.
அந்த இரண்டு அடிக்காகத்தான்
வாரா வாரம் என்னோடு வழக்கு.

பேச்சு அவருக்கு
இரண்டு மூன்று சொல்லாகத்தான் வரும்.
"ராத்திரி
கரண்டு போச்சு."
காத்திருப்பேன்.
"பெட்டி நின்னுடுச்சு.
இவ பயந்துட்டா."
முதல் வருஷம் அவர் வாக்கியங்களை
நானே முடித்துவைத்துக்கொண்டிருந்தேன்.
ஒருமுறை தப்பாக முடித்தேன்.
மூன்று வாரம் முகம் கொடுக்கவில்லை மனுஷன்.

காற்றுப் பெட்டி இருக்கிற வீட்டில் தீ ஆகாது.
விறகடுப்பை அணைக்கச் சொல்லும்போது
என் பல்லே குளிரில் அடித்துக்கொள்கிறது.

இன்று திருகாணி நான்கில் நிற்கிறது.
இரண்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.
விடிந்ததிலிருந்து தலைவலி என்கிறார்,
நடுப்பேச்சில் கண் செருகுகிறது.
விரல் கிளிப்பில் தொண்ணூற்றாறு.
அவர் மனைவிக்கு அது நல்ல மார்க்.
எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

ஒர்மெசிந்தா ஜன்னலைத் துடைக்கிறாள்.
ஏற்கெனவே துடைத்த ஜன்னல்.
அளவுக்கு மிஞ்சினால் என்று வாயெடுத்தேன்.
மூச்சு முட்டுகிறவர் பக்கத்தில்
விடியும்வரை இருட்டில் விழித்துக் கிடந்தவளிடம்
அதைச் சொல்ல வரவில்லை.
அவள் விரல்மேல் என் விரலை வைத்துத்
திருப்பினேன்:
நான்கு, மூன்று, இரண்டு.
டாக்டருக்கு ஃபோன் போட்டேன்.
கிளம்பாமல் இருந்து பார்த்தேன்.
தொண்ணூற்றொன்று.
கண் தெளிந்து, காப்பி ஆறிப்போனதற்குக் கோபித்துக்கொண்டார்.
இது போதும்.

மூச்சை, சொல்லிவிட்டு எண்ணக் கூடாது.
சொன்னால் அது வேஷம் போடும்.
அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானை
ஓரக்கண்ணால் பார்ப்பேன்.
ஏறும். இறங்கும். ஏறும்.
கழுத்துக் குழியில் தோல் உள்ளே இழுக்கும்.
இருபத்தாறு.

"நாடி இல்ல,"
என்றார்.
"நீ எண்ணுறது மூச்சு."

மழை தகரத்தில் அறைந்தது.

"ரொம்ப நாளா தெரியும்.
கீழே விளக்கு அணைஞ்சா
பக்கத்து ஆள் மூச்சைத்தான்
நாங்களும் எண்ணுவோம்.
சொல்ல மாட்டோம்."

இத்தனை சொல்லி முடிக்க
அவருக்குப் பதினொரு மூச்சு ஆனது.
அதையும் எண்ணியிருக்கிறேன், பாருங்கள்.

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார்.
தோலுக்கடியில் கரித்தூள் நீலமாகத் தங்கிய விரல்கள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
அடக்கிப் பார்த்தேன்.
எனக்கு வேஷம் வரவில்லை.
"இருபத்திரண்டு.
உட்காரு."

உட்கார்ந்தேன்.
ஒர்மெசிந்தா ரொட்டி வெட்டினாள்.
நீளக் குழாய் கேட்டு எழுதுகிறேன் என்றேன்,
விதியில் இடமில்லை என்பார்கள் என்றும் சொன்னேன்.
கத்தியை நிறுத்தாமல் அவள் கேட்டாள்:
"கூட்டை இந்தப் பக்கம் நகர்த்தினா என்ன?"

ஆறு வருஷம்.
மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
சிரிக்க அவரிடம் காற்று இல்லை.
தோள் மட்டும் குலுங்கியது.

குடையை விரித்துக்கொண்டு
நானும் அவளும் முற்றத்துக்குப் போனோம்.
எட்டுக் கோழிகள்.
ஒன்றுகூட ஒத்துழைக்கவில்லை.