இரண்டடி

மாநகராட்சி வரைபடத்தில்
சிறுபாலத்தோடு கால்வாய் முடிந்துவிடும்.
அப்பால் வெறுந்தாள்.
கோவிலம்பாக்கம் ஊராட்சியின் படத்தில்
அதே கால்வாய் தொடங்குவது
இரண்டடி தள்ளி.

அந்த இரண்டடியை
எந்த டெண்டரும் தூர்வாரியதில்லை.

புரட்டாசிக் கூட்டத்தில்
இரு தாளையும் ஒட்டவைத்து,
பறக்காதிருக்க டீ கிளாசை வைத்தார்
செயலர் இருதயராஜ்.
“அப்போ இது யாருது மேடம்?”
கோப்பு மேலே போயிருக்கிறது என்றேன்.
மின்விசிறி சுற்றியது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி இரண்டு.
“ஏரி வழியுது.” அவர்தான்.
அவர்களிடம் பொக்லைன், எங்களிடம் டீசல்.
டார்ச் வெளிச்சத்தில் வந்தன
மெத்தை, தெர்மாகோல்,
யாரோ வீட்டு வாசல்கதவு.
பிறகு ஏப்பம்போல் ஒரு சத்தம்;
நீர் சதுப்பைப் பார்த்து நடந்தது.

இன்று மறுபடி கூட்டம்.
முப்பத்தைந்து லிட்டர் டீசலை
எந்தத் தலைப்பில் எழுதுவது?
இருதயராஜ் சொல்கிறார்:
“பாதிப்பாதி போடுங்க மேடம்.
ஆளுக்கு ஓரடி.”