இழுப்பறையில் ஒரு வரி

எனக்கு முன் இந்த மேசையில் இருந்தவர்
இழுப்பறையில் விட்டுப்போனது ஒரே ஒரு வரி:
‘மின்விசிறியை மூன்றுக்கு மேல் வைக்காதே.’
ஐந்தரை வருடத்தில் எனக்கு வந்த அறிவுரைகளில்
பொய்க்காதது அது ஒன்றுதான்.

நீ யாரென்று தெரியாது, ஆகஸ்டில் சேர்வாயாம்.
அலமாரிச் சாவியில் என் பெயர் ஒட்டியிருக்கும்,
சுரண்டிவிடு.

காலாப்பட்டில் அறை பார்க்கும்போது
ஜன்னலில் கடல் தெரியுமா என்று கேட்காதே,
குழாயில் உப்பு வருமா என்று கேள்.
ஜூலை உதவித்தொகை நவம்பரில் வரும்.
மூன்று மாதச் சோற்றுக்காசைத் தனியே வை,
தொடாதே, மாநாட்டுக்குக்கூட.
‘மாண்புமிகு பேராசிரியரே’ என்று
நள்ளிரவில் உனக்கொரு மின்னஞ்சல் வந்தால்
அந்த இதழுக்கு வேண்டியது உன் கட்டுரை அல்ல.
பதினோராயிரம் கட்டி இதைத் தெரிந்துகொண்டேன்.

நெறியாளர் நல்லவர்.
நல்லவர்களுக்கு ஞாபகம் இருக்காது.
பேசிவிட்டு வந்ததும் எழுதி அனுப்பு,
‘இன்று நாம் பேசியபடி’ என்று தொடங்கி.
கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை
மாதிரி எடுக்கும் முன்பே கேட்டுவிடு.
துறைமுகத்தில் விலை பேசாமல்
யாரும் கூடையைத் தூக்குவதில்லை.

துறைமுகம் என்றதும் ஞாபகம்.
வியாழக்கிழமை விடியும் முன் கடலூர் முதுநகர்.
ஐஸ் பெட்டியை டிரைவர் பக்கத்தில் வை,
பின்னால் வைத்தால் கண்டக்டர் லக்கேஜ் போடுவார்.
அஞ்சலாட்சியிடம் மடவை வாங்கு,
செவுள் கிழியாமல் எடுத்துத் தருவார்.
ஆராய்ச்சிக்கு என்று சொல்லிவிடாதே.
முதல் நாளே நான் சொன்னேன்,
இரண்டு வருடம் கிலோவுக்கு நாற்பது கூடுதல்.
மூன்றாம் வருடம் அவரே கேட்டார்:
‘ஆத்து மடவையில இருக்கிற புழுவும்
கடல் மடவையில இருக்கிறதும் ஒண்ணா?’
ஆய்வுக்குழுவில் மூவர் இருந்தார்கள்,
ஒருவரும் அதைக் கேட்டதில்லை.
என் நான்காம் அத்தியாயம் அந்தக் கேள்விதான்.
நன்றியுரையில் அவர் பெயரைப் போட்டேன்,
எழுத்துப்பிழையோடு அச்சாகிவிட்டது.

இந்தக் கரையில் எல்லோரும்
புயலை வைத்துக் காலம் சொல்வார்கள்.
என் காலத்தை இரண்டாக்கியது ஒரு ஃபியூஸ்.
பொங்கல் விடுமுறை, நான்கு நாள்,
உறைபெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு குப்பிகள்.
கதவைத் திறந்ததும் வந்த வாடை
இன்னும் சில துப்பட்டாக்களில் இருக்கிறது.
அறைக்குப் போய்ப் படுத்தேன்,
பதினெட்டு நாள்.
தேடி வந்தவன் ஜெரோம்,
பக்கத்து ஆய்வகம், தலையசைப்பளவு பழக்கம்.
ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.
‘தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது
உன் கணக்கையெல்லாம் ஏற்றி
ஒரு பென்டிரைவ் கொடுத்தாயே,
எப்போது வாங்கிக்கொள்வாய்?’
குப்பிகள் போயின, எண்கள் இருந்தன.
நகலை இரண்டு இடத்தில் வை,
மூன்றாவதை ஒரு மனிதரிடம்.

முடித்த பிறகு என்னவென்று கேட்பாய்.
கடலூரில் ஒரு கல்லூரியில் மணிக்கணக்குக் கூலி,
ஏப்ரல், மே சம்பளமில்லை.
பதிவேட்டில் ‘முனைவர்’ என்று எழுத
கட்டம் போதவில்லை, ‘மு’ மட்டும் இருக்கிறது.

போன வாரம் செய்முறை வகுப்பு,
மேசையில் ஒரு மடவை.
கத்தியை வைக்கிறேன்,
சோனாங்குப்பத்துப் பையன், கடைசி வரிசை,
‘மிஸ், மேல இருந்து இல்ல,
கீழ இருந்து விடுங்க.’
விட்டேன்.
செவுள் முழுசாகக் கையில் வந்தது,
ஒரு இழை அறவில்லை.
ஐந்தரை வருடமாக
மேலிருந்து வெட்டியிருக்கிறேன்.

என் ஆய்வேட்டில், அறுபத்திரண்டாம் பக்கத்தில்
இன்னும் ‘மேலிருந்து’ என்றுதான் இருக்கிறது.
நூலகப் பிரதியில் பென்சிலால் திருத்திவிடு.

விசிறி மூன்று.