குளிர் எங்கே போகும்?

டுப்ளிகேஷன் வீதிக் கடையில்
ஏசியில் விறைத்தபடி நின்று
சுடுதண்ணீருக்கு விலை கேட்டோம்.
வெளியே
தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிற ஏப்ரல்.

இந்த ஊரில் தண்ணீர் சுடவைக்கக் காசா,
கடலுக்கு உப்பு வாங்கிப் போடுகிற கதை என்று
மச்சாள் சிரித்தாள்.
அவளுக்குச் சிக்குன்குன்யா வரவில்லை.

நேசனுக்கு வந்தது.
காய்ச்சல் ஐந்து நாளில் போயிற்று.
மூட்டுக்குள் குடியேறிய நோவு மட்டும்
வாடகையும் தராமல்
எழும்பவும் மாட்டாமல் இருக்கிறது.
விடியற்காலை
சட்டைப் பொத்தான் பூட்ட விரல் மடங்காது.
சுடுதண்ணீர் பட்டால் மடங்கும்.

குளியலறைச் சுவரில் தொங்கிய சின்னப் பெட்டி
எட்டு மாதமாக எங்களை
மின்சார சபைக்கு எழுதிக் கொடுத்தது.
யூனிட் அடுத்த படிக்குத் தாவிய மாதம்
அவர் குளிக்கும் நிமிடங்களைக்
கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன்.
அவருக்குத் தெரிந்திருந்தது.
சோப்புப் போடும்போது பைப்பைப் பூட்டத் தொடங்கினார்.
கிறீச்.
பில்லை விட
அந்தச் சத்தம்தான் எனக்குக் கூடுதலாக விழுந்தது.

சூரியத் தகடு போடக் கூரை எங்களுடையதல்ல,
நாங்கள் நாலாம் மாடி.
காஸ் என்றால் எனக்கு இன்றைக்கும்
அடுப்பு ஞாபகம் வராது, வரிசைதான் வரும்.

கவிஷ்க என்ற பொடியன்
மூன்று மொழியையும் கலந்து விளங்கப்படுத்தினான்:
"ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்காது, மிஸ்.
காற்றில் கிடக்கிறதைப் பொறுக்கித்
தண்ணீருக்குள் விடும்.
கரண்ட் ஒரு பங்கு என்றால்
சூடு மூன்று பங்கு.
மிச்ச இரண்டும் கொழும்பு தருகிறது, சும்மா."

சும்மா.
இருபத்தாறு வருடத்தில் இந்த நகரம்
எனக்குச் சும்மா தந்தது எதுவென்று யோசித்தேன்.
வேர்க்குரு.

நேசன் பாரத்தைக் கேட்டார்,
நூற்றைம்பது லீற்றரும் நிரம்பினால் தளம் தாங்குமா என்று.
விலையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம்
வேறு பக்கம் பார்த்தார்.
நான் கேட்டேன்:
"காற்றின் சூட்டை எடுத்துவிட்டால்
மிஞ்சுகிற குளிர் எங்கே போகும்?"

பொடியன் கையேட்டைப் புரட்டினான்.
அதற்கென்று ஒரு பக்கம் இருக்கவில்லை.
"ஒருவரும் கேட்டதில்லை, மிஸ்.
வெளியே ஊதும், அவ்வளவுதான்."

அந்த இடத்தில் நான் தெரிவு செய்துவிட்டேன்.
அவருக்குச் சொல்லவில்லை.

பொருத்த வந்த நஸ்மீர்
பல்கனியில் நின்று மூக்கை உறிஞ்சினார்.
"வெள்ளவத்தைக் கடற்காற்று, அக்கா.
மூன்று வருடத்தில் கொயிலைத் தின்றுவிடும்.
உள்ளே வைப்பதென்றால் எங்கே?"
குசினியைக் காட்டினேன்.
அலுமாரியை நகர்த்தினோம்,
பாவிக்காத கிரைண்டர் ஒன்று வீட்டை விட்டுப் போனது.

கீழ்மாடி மிஸிஸ் டி மெல்
இரைச்சல் என்று நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினார்.
அவர் யன்னலடியால்
கரையோர ரயில் நாளுக்கு எத்தனை தரம் போகிறது!
அதற்கு எழுதவில்லை.
ரப்பர் பாதம் வாங்கி வைத்தோம்.
இப்போது அது
நித்திரையில் ஆரோ முனகுவது போல.

இன்னும் இருபத்திரண்டு தவணை இருக்கிறது.

இன்று ஞாயிறு.
நண்டுக்குத் தூள் வறுக்கிறேன்.
பின்கழுத்தில் ஒரு குளிர் வந்து அமர்கிறது,
நுவரெலியா பஸ்ஸில்
யன்னலை முதலில் திறந்த அந்த வளைவு மாதிரி.
இயந்திரத்தின் குழாயிலிருந்து
சொட்டுச் சொட்டாக வாளியில் விழுகிறது
கொழும்புக் காற்று விட்ட வேர்வை.

குளியலறையிலிருந்து நேசன் கூப்பிடுகிறார்,
"பைப்பைப் பூட்டட்டா?"

"வேண்டாம், ஓடட்டும்,"
என்கிறேன்.
"சமையல் இன்னும் முடியேல்ல."