ஒரு பிக்சல்

சாஸ்கட்டூனில் ஐந்து மணிக்கே இரவு.
மடிக்கணினியில் ஒரு பறவை வரைகிறேன்;
ஆறு பிக்சல் தடிப்பில் ஈயக்கோடுகள்,
அறுபத்து மூன்று கண்ணாடித் துண்டுகள்.

நெஞ்சுக்குச் செம்பழுப்பு ஊற்றினேன்.
பறவை, கிளை, வட்டச் சட்டகம், வானம்
ஒரே சொடுக்கில் முங்கிப்போயின.

எங்கோ கோடு மூடவில்லை.
எட்டு மடங்கு பெரிதாக்கி
பேன் பார்ப்பதுபோல் இறகிறகாய்ப் பார்க்கிறேன்.
இரவு வேலைக்குச் சப்பாத்து மாட்டியபடி
"இன்னும் அந்தக் குருவிதானா?" என்றாள் நிரூபா.
குருவி இல்லை என்பதற்குள்
கதவு சாத்தியாயிற்று.

அலகின் கீழே இருந்தது ஓட்டை.
ஒரு பிக்சல்.
அடைத்தேன்.

நூலகத்தில் ஒளிபுகும் தாளில் அச்சிட மூன்று டொலர்.
குளியலறை யன்னலில் ஒட்டினேன்.
பளபளப்புக்கு ஓர் அடுக்கு, நிழலுக்கு இரண்டு,
எல்லாம் போட்டும்
இருட்டில் செத்துக் கிடந்தது.

காலை ஒன்பதரை.
வேலையால் வந்தவள் பல் துலக்குகிறாள்.
பனியில் பட்டுத் தெறித்த வெயில்
அவள் தோளில், துவாயில், சவர்க்காரத்தில்
நீலமும் செம்பழுப்புமாய் வழிகிறது,
நான் அடைத்த கோடு ஒன்றையும் மதிக்காமல்.

கை தானாகக்
கன்ட்ரோல்-இசட்டைத் தேடிற்று.

வாய் நிறைய நுரையோடு
அண்ணாந்து பார்த்தவள்
"மீன்கொத்தி" என்றாள்.