செல்லாதவை

மாலை ஆறு. டூங்காபிப் பள்ளி மண்டபத்தின்
கதவைச் சாத்தித் தாளிட்டோம்.
வெளியே சொசேஜ் வாட்டிய தட்டை யாரோ
சுரண்டும் சத்தம். வெங்காய மணம் மட்டும்
எங்களோடு உள்ளே மாட்டிக்கொண்டது.

பெட்டியைக் கவிழ்த்தோம்.
பச்சைச் சீட்டுகள். நான்காய் மடித்தவை, எட்டாய் மடித்தவை,
ஒன்றில் ஏதோ குழந்தையின் தக்காளிக் கை.
விரித்து, நீவி, அடுக்குவது என் வேலை.
ஒருநாள் சம்பளம், ஊதா மேலங்கி,
கழுத்தில் சிவகௌரி என்று ஒரு அட்டை.

இந்தச் சீட்டில் ஏழு கட்டங்கள்.
ஒன்றிலும் எண் இல்லை.
கீழே, பென்சிலில், தமிழில்:
எண் போட்டால் ஆளைப் பிடிப்பினம்.

நோரீன் எட்டிப் பார்த்தாள்.
"என்ன எழுதியிருக்கு?"
மண்டபத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவள்
நான் ஒருத்திதான்.

வாசிக்கத் தேவையில்லை, எனக்கு மனப்பாடம்.
செவ்வாய் இரவு, கைபேசியில், நாற்பது விநாடி.
ஊர்ப் பேச்சு, ஊர் இழுவை,
'பிள்ளையள்' என்ற விளிப்பு,
நடுவில் ஒரு இருமல்.
இருமலை நம்பித்தான் அனுப்பினேன்
மூன்று குழுக்களுக்கு, நூற்றுப் பதினொரு பேருக்கு.
ஒருமுறை எங்கள் கதவைத் தட்டியவர்கள் கையில்
வாக்காளர் பட்டியல் இருந்தது.
அதைத் தெரிந்துகொண்டு செய்த குரல்.

வியாழன் காலை வானொலி சொன்னது:
அந்தத் தொண்டை யாருக்கும் உரியதல்ல.
கடலுக்கு அப்பால் ஒரு அரசு,
வாடகை மாடியில், தமிழ் தெரியாத பையன்களை இருத்தி
எங்கள் பயத்தைத் தட்டச்சு செய்திருக்கிறது.
அந்த அரசு மறுத்தது.
அதுவும் நல்ல குரல்தான்.

அனுப்பியதை அழித்தேன்.
"அழிக்கச் சொல்லி வெருட்டிப்போட்டாங்கள்,
அப்ப உண்மைதான்" என்று
ஐந்தாம் நிமிடம் எழுதினார் மரியதாசன்.

"வாக்கு இல்லை" என்றேன் நோரீனிடம்.
அவள் மேலே கேட்கவில்லை,
இறப்பர் வளையத்தை நகர்த்தினாள்.
செல்லாதவை இதுவரை முப்பத்தெட்டு.
போனமுறை பதினாறாம்.
எத்தனை கோபம், எத்தனை சோம்பல்,
எத்தனை என் பெருவிரல்,
வெற்றுக் கட்டம் சொல்லாது.

ஆனால் இவர்
வரிசையில் நின்றிருக்கிறார்,
பெயர் சொல்லிக் கோடு போட விட்டிருக்கிறார்,
நூலில் கட்டிய பென்சிலை எடுத்து,
மறுபுறம் தடவினாலும் தட்டுப்படும் அழுத்தத்தில்,
எண்ணப்போகிற யாருக்கோ
எச்சரிக்கை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

கட்டில் வைக்கிறேன்.
அடுத்தது எட்டாய் மடித்தது.